நாற்பத்து மூன்றாம் பக்கத்து மனிதர்

தீப்பிடித்த கட்டடத்தின் முன்னால் கூட்டம் நிற்கும்போது, பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "நான் அப்பவே நினைச்சேன்" என்று சொல்லும். திரும்பிப் பாருங்கள். கையில் வாளி இருக்காது. முகத்தில் ஒரு நிறைவு இருக்கும். காலையில் அதே வழியாகப் போனவர், புகை வாசனையை மூக்கு நிறைய இழுத்தவர், வாசலில் நின்ற வீட்டுக்காரரை "என்ன, சௌக்கியமா?" என்று விசாரித்துவிட்டு நடையைக் கட்டியவர். இந்த இனத்துக்கு 'அப்பவே சொன்னவர்' என்று பெயர் வைத்துக்கொள்வோம். சொன்னாரா என்பது வேறு விஷயம்.

இந்த இனம் எங்கும் முளைக்கும். பஸ்ஸில், மாடிப்படியில், ஆஸ்பத்திரி வராந்தாவில், உறவுக்காரர்களின் நடுவில். ஆனால் உரம் போட்டு, நிழல் கட்டி, மாதச் சம்பளமும் கொடுத்து இதை வளர்க்கிற இடம் ஒன்று உண்டு. அதற்குக் கடன் தரமதிப்பீட்டு நிறுவனம் என்று பெயர். ஒரு கம்பெனி பொதுஜனத்திடம் கடன் பத்திரம் விற்றுப் பணம் திரட்டக் கிளம்பினால், வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிற ஆசாமிகள்தானா என்று தோண்டித் துருவிப் பார்த்து, எழுத்துகளில் மார்க் போடுவது இதன் தொழில். மூன்று ஏ என்றால் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம். இரண்டு ஏ என்றால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம். அப்படியே இறங்கி இறங்கி டி என்று வந்துவிட்டால், கம்பெனி முழுகிவிட்டது என்று அர்த்தம். அதை நீங்கள் முந்தின நாள் பேப்பரிலேயே படித்திருப்பீர்கள்.

நான் சொல்லப்போகும் நிறுவனத்தின் வரவேற்பறையில் ஸ்தாபகரின் படம் மாட்டியிருக்கிறது. கீழே கண்ணாடிப் பெட்டிக்குள் அவருடைய தகரத் தண்ணீர்ப் புட்டி. மனிதர் ஒரு காலத்தில் சரக்கு ரயில் நிலையத்தின் வேலியோரம் நின்று, எந்தத் தொழிற்சாலையிலிருந்து எத்தனை பெட்டி சரக்கு வெளியேறுகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்வாராம். தொழிற்சாலைக்குள் போனால் அவர்கள் நீட்டும் காபியைத் தொடமாட்டார், சொந்தத் தண்ணீரைத்தான் குடிப்பார். எழுதினால் நறுக்கென்று ஒரு வரி. 'இவன் கொடுப்பான்.' அல்லது, 'இவன் கொடுக்கமாட்டான்.' அந்தச் சின்னப் புத்தகத்தைக் கடன் கொடுக்கிறவர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள்.

பிறகு நகலெடுக்கும் மிஷின் வந்தது. ஒருவர் வாங்க, நாற்பது பேர் நகலெடுத்தார்கள். நிறுவனம் தள்ளாடியது. அப்போதுதான் ஸ்தாபகரின் மாப்பிள்ளைக்கு அந்த அற்புத யோசனை உதித்தது. படிக்கிறவனிடம் எதற்குக் காசு கேட்கவேண்டும்? யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவனிடமே கேட்டால் என்ன? அதாவது, பரீட்சை எழுதுகிறவனே திருத்துகிற வாத்தியாருக்குச் சம்பளம் கொடுக்கிற ஏற்பாடு. இதைக் கேட்ட மாமனார் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை என்றும், அடுத்த வாரம் காலமானார் என்றும் நிறுவனத்தின் பொன்விழா மலர் சொல்கிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று மலர் சொல்லவில்லை. அன்றிலிருந்து தொழில் கொழித்தது. மார்க் பிடிக்காத கம்பெனிகள் எதிர்ச்சாரியில் இருக்கும் இன்னொரு தரமதிப்பீட்டு நிறுவனத்துக்குப் போய்விடலாம் என்பதால், பிடிக்காத மார்க் போடும் கெட்ட பழக்கமும் மெல்ல ஒழிந்தது. புட்டி மட்டும் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. அதன் பக்கத்தில் வைத்துத்தான் வருகிறவர்களுக்குக் காபி ஊற்றுகிறார்கள்.

நம்முடைய ஆள் அங்கே இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறார். ஒவ்வொரு அறிக்கையின் முதல் பக்கத்திலும், மார்க்குக்குக் கீழே 'எதிர்கால நோக்கு' என்று ஒரு வரி உண்டு. அதில் அவர் எப்போதும் 'ஸ்திரம்' என்றே எழுதுவதால், ஆபீஸில் அவருக்கு ஸ்திரம் சார் என்று பெயர் விழுந்துவிட்டது. அவருக்கு அதில் உள்ளூரப் பெருமைதான். கலைந்த தலையோ கசங்கிய சட்டையோ அவரிடம் பார்க்க முடியாது. 'ஆனாலும்' இல்லாத வாக்கியமும் அவரிடம் கேட்க முடியாது. ஜன்னலோரம் நிற்கும்போது மழை பெய்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பெய்வதற்கான கூறுகள் காணப்படுகின்றன, ஆனாலும் தெருவில் சிலர் குடையில்லாமலும் போகிறார்கள் என்பார். நீங்கள் நனைந்தால் முதல் பாதி, நனையாவிட்டால் இரண்டாம் பாதி. எப்படிப் போனாலும் ஸ்திரம் சார் சொன்னது பலித்துவிடும்.

வீட்டிலும் இதே கதை. அவர் மனைவி ஒரு நாள் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, "இந்த நிறம் எனக்கு நல்லாருக்கா?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கிறதுக்கான அம்சங்கள் இருக்கு."

"அப்போ நல்லா இல்லேங்கிறீங்களா?"

"அப்படியும் சொல்லிட முடியாது."

அந்த அம்மாள் அதற்குப் பிறகு கண்ணாடியையே கேட்டுக்கொள்கிறார். பல் டாக்டர் விஷயம் இன்னும் மோசம். "எந்தப் பல்லுங்க, இதுவா?" என்று டாக்டர் தட்டிக் கேட்டபோது, வலித்தது அதற்குப் பக்கத்துப் பல் என்று இவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. இருந்தாலும், படித்தவர் தட்டுகிறாரே, நாம் எதற்கு உறுதியாகச் சொல்லி வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளவேண்டும் என்று, "அந்தப் பகுதிதான்" என்றார். டாக்டர் நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டார். வீட்டுக்கு வந்து வாயில் பஞ்சை அடக்கிக்கொண்டு ஸ்திரம் சார் சொன்னது என்ன தெரியுமா? "அது இல்லேன்னு எனக்கு அப்பவே தெரியும்."

இதோடு போயிருந்தால் ஒரு பல்லோடு போயிற்று என்று சிரித்துவிட்டு எழுந்துபோகலாம். போகவில்லை.

லிஃப்ட் தயாரிக்கிற கம்பெனி ஒன்று கடன் பத்திரம் வெளியிடப் போவதாகவும், அதற்கு மார்க் வேண்டுமென்றும் வந்தது. தொழிற்சாலையை நேரில் பார்க்க ஸ்திரம் சார் போனார். கேட்டிலேயே மஞ்சள் சட்டையும் தொப்பியும் மாட்டிவிட்டார்கள். கம்பெனியின் நிதி அதிகாரி கூடவே வந்து, கதவுகளைத் திறந்து திறந்து காட்டினார். உள்ளே கூட்டம் ஜேஜே என்றிருந்தது. ஒரு மிஷினுக்கு மூன்று பேர். எல்லார் தலையிலும் புத்தம் புதுத் தொப்பி, சிலவற்றில் விலைச்சீட்டு கூட ஒட்டிக்கொண்டிருந்தது. நிதி அதிகாரி போன் பேசத் தள்ளிப் போன சமயத்தில், ஸ்திரம் சார் ஒரு தொழிலாளியிடம், "இந்த மிஷின்ல என்ன வேலை?" என்று கேட்டார். "எட்டு மணியிலேருந்து அஞ்சு மணி வரைக்கும் சார்" என்றார் அவர்.

மதியம் கேன்டீனில் சாப்பிட்டுக் கைகழுவப் போனபோது, சமையல்காரம்மா குழாயடியில் நின்றிருந்தார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"நீங்க பேங்க்குலேருந்து வந்தவங்களா சார்? எங்களுக்குச் சம்பளம் வந்து நாலு மாசம் ஆச்சு. பாதிப் பேர் நின்னுட்டாங்க. நீங்க வர்றீங்கன்னு இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் கட்டட வேலை நடக்கிற இடத்துலேருந்து எழுபது பேரைக் கூட்டிட்டு வந்திருக்காங்க. எழுபது சாப்பாடு கூடச் செய்யச் சொன்னாங்க. யார்கிட்டயாவது சொல்லுங்க சார்."

ஸ்திரம் சாருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விலைச்சீட்டு விளங்கியது, எட்டு மணி விளங்கியது. அவர் முட்டாள் இல்லை, நினைவில் வையுங்கள். இந்த இனத்தில் முட்டாள்களே கிடையாது. கைகளைத் துடைத்துக்கொண்டு, "சாப்பாடு பரவாயில்லம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அவர் கையில் அறுபது கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று உண்டு. கட்டடத்துக்குக் கேள்வி இருந்தது, காப்பீட்டுக்குக் கேள்வி இருந்தது, தீயணைக்கும் கருவிகளுக்கு மட்டும் நான்கு கேள்விகள் இருந்தன. சமையல்காரம்மாவுக்கு இடமே இல்லை. ஆகவே மார்க் முடிவு செய்யும் குழு கூடியபோது, பேச்சுவாக்கில் சொல்வதுபோல அதை எடுத்துப் போட்டார். நீள மேஜையைச் சுற்றி ஐந்து பேர். குழுத் தலைவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டே, "காகிதத்துல இருக்கா?" என்றார்.

"இல்லைங்க. வாய்வார்த்தையாத்தான்."

"யாரு சொன்னது?"

"கேன்டீன்ல சமைக்கிறவங்க."

மேஜையில் ஒரு சிரிப்பு சுற்றி வந்தது. ஸ்திரம் சாரும் அதில் கலந்துகொண்டார். "சரி, மனசுல இருக்கறதை அப்படியே விட்டுடாதீங்க. எங்கயாவது ஒரு ஓரமா எழுதி வெச்சுடுங்க" என்றார் தலைவர், பெரிய மனது பண்ணி. அப்படியே எழுதிவைத்தார். மொத்தம் ஐம்பத்தெட்டுப் பக்க அறிக்கை. நாற்பத்து மூன்றாம் பக்கத்தின் அடியில், எறும்பு சைஸ் எழுத்தில், ஓர் அடிக்குறிப்பு: 'ஊழியர் சார்ந்த செலவினங்களின் கால ஒழுங்கில் அவ்வப்போது காணப்படும் நெகிழ்வுகள் கவனிக்கத்தக்கவை.' நாலு மாதம் சம்பளம் வராத வயிறுகளும், ஒரு நாள் கூலிக்கு வந்த எழுபது தொப்பிகளும் எவ்வளவு நாசூக்காக ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிட்டன, பாருங்கள். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இரண்டு ஏ. நோக்கு, ஸ்திரம்.

அன்றிரவு ஸ்திரம் சார் நிம்மதியாகத் தூங்கினார். சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று அல்லவா?

இரண்டு வாரம் கழித்து அவருடைய அக்கா வந்தார். பிரசவ வார்டில் முப்பத்தொரு வருஷம் நர்ஸாக இருந்து, அப்போதுதான் ஓய்வு பெற்றவர். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் நான்காவது மாடியில் வீடு. அத்தானுக்குப் பக்கவாதம் வந்து ஒரு கால் இழுத்துக்கொண்டதிலிருந்து, இரண்டு வருஷமாக மனிதர் தரையிறங்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பதுதான் பொழுது. கீழ்த்தளத்து வீட்டுக்காரர் அடுத்த வருஷம் வீட்டை விற்றுவிட்டுப் போவதாகச் சொல்லி, அக்காவுக்கே தருவதாக வாக்கும் கொடுத்திருந்தார். ஓய்வுப் பணமாகக் கிடைத்த மொத்தத் தொகை வீட்டு விலைக்குக் கொஞ்சம் குறைந்தது. ஒரு வருஷம் நல்ல வட்டிக்குப் போட்டால் துண்டு விழுவது சரியாகிவிடும். அதற்குத்தான் பேப்பர் விளம்பரத்தைக் கத்தரித்துக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

"லிஃப்ட் கம்பெனிடா. இரண்டு ஏன்னு போட்டிருக்கு. உங்க ஆபீஸ் குடுத்ததுதானே?"

"ஆமாக்கா."

"போடலாமா, வேண்டாமா?"

ஸ்திரம் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பொதுவாப் பார்த்தா கம்பெனியோட நிலைமை திருப்திகரமா இருக்கு. ஆனாலும் எந்த முதலீட்டுலயும் சில விஷயங்கள் கவனிக்கத்தக்கதா இருக்கும்."

"எனக்கு அதெல்லாம் புரியாது. உன் அத்தானை அடுத்த வருஷம் தெருவில நடக்கவைக்கணும். ஒரே வார்த்தை சொல்லு. போடலாமா?"

தொண்டை வரைக்கும் வந்தது. குழாயடியில் நின்ற அந்த அம்மாளின் குரல் அப்படியே நாக்கில் ஏறி உட்கார்ந்தது. 'வேண்டாம்' என்றால் நாலு எழுத்துதான். ஆனால் ஸ்திரம் சாரின் மூளை அந்த நாலு எழுத்தையும் குழுவில் வைத்து விசாரிக்க ஆரம்பித்தது. ஆபீஸ் ரகசியத்தை வெளியில் சொல்லலாமா? சரி, அது கிடக்கட்டும். வேண்டாமென்று சொல்லி, கம்பெனி நன்றாக ஓடி, எல்லாருக்கும் வட்டி வந்து, அக்காவுக்கு மட்டும் வராமல் போனால்? 'என் தம்பி சொன்னான், கெட்டேன்' என்று ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவாளே? போடு என்றால் அது வேறு வம்பு. எதுவுமே சொல்லாதவனை யாரும் எதுவும் சொல்ல முடியாது. இருபத்திரண்டு வருஷ அனுபவம் அது.

ஆனால் பாசம் என்று ஒன்று இருக்கிறதே. அது இந்த இனத்துக்கும் உண்டு. ஸ்திரம் சார் உள்ளே போய் அறிக்கையின் பிரதி ஒன்றை எடுத்தார். நாற்பத்து மூன்றாம் பக்கத்துக்குத் திருப்பினார். ஒரு நிமிஷம் நின்றார். அந்தப் பக்கத்தின் மூலையை லேசாக மடித்தார். அவர் வாழ்க்கையிலேயே அவ்வளவு துணிச்சலான காரியம் செய்ததில்லை.

"இதை முழுசாப் படிச்சுட்டு நீயே முடிவு பண்ணு" என்று கொடுத்தார்.

"நீயே எழுதினதா? அப்போ சரி" என்றார் அக்கா.

வீட்டுக்குப் போனதும் அக்கா அறிக்கையைப் பையிலிருந்து எடுத்தார். தம்பியின் பெயர் அச்சில் இருக்கிற காகிதம். ஒரு பக்கம் மட்டும் பையில் கசங்கி மூலை மடிந்திருப்பதைப் பார்த்து, அடடா என்று விரலால் நீவி நிமிர்த்தினார். பிறகு சுருக்கம் போவதற்காகக் கனமான டிக்‌ஷனரி ஒன்றின் கீழே வைத்துவிட்டு, மறுநாள் பணம் முழுவதையும் கட்டிவிட்டு வந்தார்.

ஏழாவது மாதம் லிஃப்ட் கம்பெனியின் கேட்டில் பூட்டுத் தொங்கியது. முதலாளி இருக்குமிடம் யாருக்கும் தெரியவில்லை. எல்லாப் பேப்பரிலும் படம். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மார்க் குழு அவசரமாகக் கூடி, பதினொரு நிமிஷத்தில், இரண்டு ஏயைத் தூக்கி நேராக டியில் வைத்தது. மாடிப்படியில் யாராவது அப்படி இறங்கினால் இடுப்பு முறிந்துவிடும். நோக்கு? ஸ்திரம்தான். டிக்குக் கீழே போக இடமில்லையே, ஆகவே இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக அந்தச் சொல் முழு உண்மையாக இருந்தது.

சாயங்காலம் ஸ்திரம் சார் நான்கு மாடி ஏறி அக்கா வீட்டுக்குப் போனார். ஒவ்வொரு மாடியிலும் நின்று, என்ன சொல்வதென்று யோசித்தார். அவருக்கு அவமானமாக இருந்தது, துக்கமாகவும் இருந்தது. அதை அப்படியே சொல்லியிருக்கலாம். ஆனால் கதவு திறந்ததும் வாயிலிருந்து வந்தது வேறு.

"நாற்பத்து மூணாம் பக்கத்துல சொல்லியிருந்தேனேக்கா. உனக்காக மூலையைக் கூட மடிச்சுக் குடுத்தேன்."

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. டிக்‌ஷனரிக்குக் கீழேயிருந்து அறிக்கையை எடுத்துக்கொண்டுவந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அடிக்குறிப்பை எழுத்துக்கூட்டிப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

"இதுக்கு என்னடா அர்த்தம்?"

ஸ்திரம் சார் சொன்னார். சமையல்காரம்மா, நாலு மாதச் சம்பளம், எழுபது சாப்பாடு, எல்லாவற்றையும் சொன்னார். ஒரு 'ஆனாலும்' கூட இல்லாமல், கோர்வையாக, இரண்டே நிமிஷத்தில் சொல்லி முடித்தார்.

அக்கா கண்ணாடியைக் கழற்றினார். "இவ்வளவு நல்லாப் பேச வருதே உனக்கு" என்றார்.

திட்டியிருந்தால் ஸ்திரம் சாருக்குத் தாங்கியிருக்கும். ஜன்னலோரம் இருந்த அத்தான்தான் தெருவைப் பார்த்தபடியே, "கீழ்வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடு. பாவம், நமக்காகக் காத்துட்டு இருப்பார்" என்றார்.

பிறகு விசாரணை வந்தது. இரண்டு ஏ எப்படிக் கொடுத்தீர்கள் என்று பெரிய மனிதர்கள் எல்லாம் மேஜையைத் தட்டினார்கள். நிறுவனத்தின் வக்கீல் வியர்வையைத் துடைத்துக்கொண்டு பக்கங்களைப் புரட்டினார், நாற்பத்து மூன்றுக்கு வந்தார், முகம் மலர்ந்தார். எச்சரித்திருக்கிறோம். பாருங்கள், கறுப்பு மையில் எச்சரித்திருக்கிறோம். விசாரணைக் குழுவும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, ஆமாம் என்று ஒப்புக்கொண்டது. நிறுவனம் பிழைத்தது. பிழைக்கவைத்த அடிக்குறிப்பின் ஆசிரியருக்கு மாலை நேரத்தில் ஒரு பாராட்டுக் கூட்டம் நடத்தி, புதிதாக ஆரம்பித்த முன்னெச்சரிக்கைப் பிரிவுக்குத் தலைவராகவும் ஆக்கிவிட்டார்கள். இப்போது அவருக்குத் தனி அறை, கீழே ஒன்பது பேர். அடிக்குறிப்பு எழுதுவது எப்படி என்று அவர்களுக்கு வகுப்பெடுக்கிறார். வரவேற்பறையில் ஸ்தாபகரின் படத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணி காலியாக இருப்பதாகவும் கேள்வி.

அக்கா வீட்டுக்கு இன்னமும் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்வருகிறார். அக்கா சண்டை போடவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஒன்றே ஒன்றுதான் மாறியிருக்கிறது. தம்பியிடம் அவர் எதுவும் கேட்பதில்லை. அத்தானின் காலுக்கு ஆபரேஷன் செய்யலாமா என்ற பேச்சு வந்தபோது, எதிர்வீட்டுத் தையல்காரரைக் கேட்டார், பழைய ஆஸ்பத்திரிக் காவலாளியைக் கேட்டார். பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் தயாராக இருந்த தம்பியைக் கேட்கவில்லை. 'சாப்பிட்டியா' என்று கூடக் கேட்பதில்லை. தட்டை எடுத்துவைத்துப் பரிமாறிவிடுகிறார். முன்னெச்சரிக்கைப் பிரிவின் தலைவர் குனிந்து சாப்பிட்டுவிட்டு, நான்கு மாடி இறங்கி வீட்டுக்குப் போகிறார்.

இதைப் படித்துவிட்டு உங்களுக்கு உங்கள் மைத்துனர் ஞாபகம் வந்திருக்கும். பக்கத்து மேஜைக்காரர் வந்திருப்பார். பழைய காரை உங்கள் தலையில் கட்டும்போது பேசாமல் நின்றிருந்த மெக்கானிக்கும் வந்திருப்பார். வரட்டும். அதற்கிடையில் ஒரு சின்னக் கணக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். கடைசியாக ஒருவர் உங்களிடம் வந்து, 'செய்யலாமா, வேண்டாமா' என்று ஒரு விஷயம் கேட்டது எப்போது? போன வாரமா, போன மாதமா, ஞாபகமே வரவில்லையா? வரவில்லையென்றால், உங்களைச் சுற்றியிருக்கும் எல்லாரும் திடீரென்று விவரமானவர்கள் ஆகிவிட்டார்கள் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.